பழைய ஆசாமியா, புதியவனா?

குஸ்டாவ் மாலர் என்ற பெயர் உங்களுக்குப் பரிச்சயமா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆஸ்திரிய இசை மேதை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவையே ஒரு சிறு குச்சியால் ஆட்டிவைத்தவர். இதய வால்வில் கோளாறு என்று 1907-லேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 1911 பிப்ரவரி 21-ம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் காய்ச்சலோடேயே கச்சேரி நடத்தினார். காய்ச்சல் விடவேயில்லை.

மவுன்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மன் வந்து பார்த்தார். இந்த நோயில் அவர் புலி. அவர் சொன்னபடி ஜார்ஜ் பேர் என்ற இளம் டாக்டர், மாலரின் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றி வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால்... ஸ்ட்ரெப்டோகாக்கஸ்! நம் வாயில் சாதுவாகக் குடியிருக்கிற ரகம்தான். ரத்தத்தில் ஏறி, பழுதான வால்வைப் பிடித்துக்கொண்டால் வினை. மருந்தா? பெனிசிலின் வர இன்னும் முப்பது வருஷம் ஆக வேண்டும். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாலர், சாவதென்றால் வியன்னாவில்தான் என்று கப்பலேறினார். வழியில் பாரிஸில் வைத்தியம் பார்த்தும் பலனில்லை. மே 18 அன்று, 50 வயதில், வியன்னாவில் இறந்தார்.

இன்றைக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆன்ட்டிபயாடிக் ஏற்றுகிறார்கள், பலர் பிழைக்கிறார்கள். ஆனால் சிலருக்கு மறுபடியும் வருகிறது. பழைய ஆசாமியே பதுங்கியிருந்து திரும்பினானா, புதியவன் நுழைந்தானா? லிப்மன் காலத்துத் தட்டு, இரண்டும் ஒரே இனம் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு தடவையும் எடுத்த கிருமிகளின் டி.என்.ஏ.வை அருகருகே வைத்தால் குட்டு உடைந்துவிடும். பழையவன் என்றால் மருந்து போதவில்லை, சில சமயம் வால்வையே மாற்ற வேண்டியிருக்கும். புதியவன் என்றால் அவன் நுழைந்த வாசலைத் தேட வேண்டும். வாயில் வாழும் ரகமா? முதலில் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள்.