செட்டு சேர்ந்த சொல்

ஆங்கிலத்தின் ‘செட்’ மூன்றே எழுத்துதான். ஆனால் ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்களை அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் வினைச்சொல்லாக மட்டும் அதற்குச் சுமார் 430 பொருள்கள். அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் செலவாயின. அத்தனையிலும் அகப்படாத ஒரு பொருள் கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கிறது: குளிக்கிற இடம்.

“பம்புசெட்டுல தண்ணி வாத்துட்டு வந்தர்றனுங்க” என்று ஒருவர் சொன்னால், இயந்திரத்துக்குள் இறங்கிக் குளிக்கப் போகிறார் என்று கொங்கு நாட்டில் யாரும் நினைப்பதில்லை. கிணற்றடி, மோட்டார் அறை, குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் தொட்டி, பக்கத்தில் நாலு தென்னை, துணி துவைக்க ஒரு கல் எல்லாம் சேர்ந்துதான் பம்புசெட்டு. ஒரு இயந்திரத்தின் பெயர் எப்படி ஒரு இடத்தின் பெயராயிற்று?

முதலில் பிறப்பைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்திலேயே ‘செட்’ ஒரு சொல் அல்ல, இரண்டு. ஒன்று ஜெர்மானியக் குடும்பத்து வினை. ‘சிட்’ என்பதன் பிறவினை. நம் மொழியில் இரு, இருத்து; அமர், அமர்த்து என்பதைப் போல. இன்னொன்று பெயர்ச்சொல். பின்தொடர்வோர் கூட்டத்தைக் குறித்த லத்தீன் ‘செக்டா’, பிரெஞ்சு வழியாக வந்து ‘செட்’ ஆனது. சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ இதற்கு உடன்பிறப்பு. ஒலி ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன.

தமிழில் வந்திறங்கியபோதும் இரண்டும் தனித்தனி வேலையைப் பார்த்தன. கான்கிரீட் செட் ஆவதும், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் போட்ட சினிமா செட்டும், “அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது” என்பதும் ‘இருத்து’ வழி வந்தவை. பல் செட், மைக் செட், “அவரு எங்க செட்டுங்க” என்ற பேச்சு, சேலத்துத் தட்டுவடை செட் எல்லாம் ‘கூட்டம்’ வழி வந்தவை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துக் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.

இந்தக் கூட்டப் பொருளுக்குப் புலவர் தமிழிலும் இடம் தேடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூலில் செட் என்பது ‘கணம்’. இலங்கைத் தமிழ் மாணவருக்கோ அது ‘தொடை’. பூத்தொடை, எதுகைத் தொடை என்று கோத்ததையும் தொடுத்ததையும் சொல்லும் பழஞ்சொல் அது. இரண்டில் எனக்கு இலங்கைக்காரர் தேர்வே பிடிக்கிறது. கணம் என்றால் நொடியும் நினைவுக்கு வந்து குறுக்கிடும். தொடை என்றாலும் வேறொன்று நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வகுப்பறைச் சிரிப்பு ஒரு நாளோடு அடங்கிவிடும்.

பம்புசெட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி கொங்கு நாடு. கிணறுகள் ஆழம், அடியில் பாறை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நிறைய நீர் மேலே வரும் ஏற்றத்துக்கு மற்ற இடங்களில் கமலை என்று பெயர், கொங்கில் கவலை. ‘கபிலை’ என்ற சொல்லின் திரிபு என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் என்ஜினைக் கொண்டு நீரிறைப்பதைப் பரப்பினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையின் கதையே மாறிற்று. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படுகிறது. வார்ப்படப் பட்டறைகள் பெருகின. மோட்டார் ஒன்று, பம்ப் ஒன்று, இரண்டையும் இணைத்து விற்றால் பம்ப்செட். அன்றைக்குப் பெயரும் பொருளும் அப்படியே பொருந்தின.

பிறகு மோட்டாரும் பம்பும் ஒரே உடலான மோனோபிளாக் வந்தது. செட் என்று சொல்ல அங்கே பிரித்துக் காட்ட இரண்டு இல்லை, ஆனாலும் பெயர் போகவில்லை. நீர்மூழ்கி மோட்டார் வந்ததும் இயந்திரமே கண்ணில் படாமல் ஆழ்துளைக்குள் இறங்கிவிட்டது. அப்போதும் பெயர் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் சொல் இயந்திரத்தை விட்டு இடத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. இதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. கோழி வளர்க்கும் கொட்டகையும், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் கொட்டகையும் பேச்சில் ‘செட்டு’தான். ஷெட் என்பதில் ஷகரம் சகரமானால் கிடைப்பது அதுவே. மோட்டாருக்கும் ஒரு கொட்டகை இருந்ததால், செட்டும் ஷெட்டும் கிணற்றடியில் கலந்துவிட்டன போலும். ஆங்கிலத்தில் இரண்டு சொல் ஒன்றானதைப் போலவே இங்கும் நடந்திருக்கலாம்.

அரசியலும் இந்தச் சொல்லை விடவில்லை. மின்கட்டணம் உயர்ந்ததை எதிர்த்து 1970-ல் விவசாயிகள் திரண்டபோது, பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் பெயரோடு அந்த இயக்கம் வளர்ந்தது. 1990-ல் எல்லா விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கவலை போய்ப் பம்புசெட்டு வந்தும் கவலை போகவில்லை என்று அந்தத் தலைமுறை சொல்லியிருந்தால் அது வெறும் சிலேடை அல்ல.

‘நீரேற்றி’ என்று அழகான தமிழாக்கம் இருக்கிறது. அது நிலைக்காமல் போனதற்கு மொழிப்பற்றுக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. நீரேற்றி இயந்திரத்தை மட்டும் சொல்கிறது. அங்கே போய்க் குளிக்க முடியாது.

பம்புசெட்டு என்ற சொல்லைக் காப்பாற்ற ஆள் தேவையில்லை. கவலையின் சொற்களுக்குத்தான் தேவை. வடம், சால், தோல், உருளை, மாடு பின்னுக்கு வரும் நடை என்று கவலையில் ஒவ்வொன்றுக்கும் ஊருக்கொரு பெயர் இருந்தது. கவலை ஓட்டிய கைகளில் இன்னும் சில உயிரோடு இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.