தபால் செலவு தனி

"அக்கா, புக்கு அறுபது ரூபா. அனுப்புறதுக்குத் தொண்ணூறா?"

கமுதிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வாட்ஸப்பில் கேட்டார். கொட்டிவாக்கத்தில் வீட்டு முன்னறையில் மூன்று அலமாரி, ஒரு டிஜிட்டல் தராசு, பிரவுன் டேப் சுருள்கள் இவ்வளவையும் வைத்துக்கொண்டு இணையத்தில் புத்தகம் விற்கிறேன். அவர் கேட்டது 140 கிராம் எடையுள்ள ஒரு கவிதைத் தொகுப்பு. கூரியர் கணக்கு 500 கிராமில்தான் தொடங்கும். அதே புத்தகம் பெசன்ட் நகருக்குப் போனால் 40 ரூபாய். அவருடைய ஊர் 'தொலைதூரப் பகுதி' என்ற வரிசையில் இருந்தது.

"கூரியர்ல அப்படித்தான் தம்பி" என்று பதில் போட்டேன். அவர் "சரிக்கா, அப்ப வேணாம்" என்றார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. தூரத்தில் பிறந்தவர் அந்தத் தூரத்துக்கான காசையும் தானே கட்ட வேண்டுமா? என் கடையின் சின்னச் சிக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்கு இருநூறு வயதுக்கு மேல் என்று தெரிந்தது.

1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கம்பெனியின் தபால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது 100 மைலுக்கு 2 அணா என்று கட்டணம் வைத்தார்கள். சென்னையில் பொதுத் தபால் அலுவலகம் 1786 ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. அந்தக் காலத்துத் தபால் கணக்கும் இன்றைய கூரியர் கணக்கும் ஒன்றுதான்: எடை, தூரம். தள்ளிப் போகப் போகக் காசு ஏறும்.

அந்தக் கணக்கை உடைத்தவர் தபால் துறையில் இல்லாத ஒருவர். 1837இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒரு சிறு நூல் எழுதினார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோகும் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் வந்தது. செலவெல்லாம் இரண்டு முனைகளிலும் இருந்தது. கடிதத்தை வாங்குவது, பதிவது, பிரிப்பது, கடைசியில் கதவைத் தட்டிக் கொடுப்பது. கடிதம் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பக்கத்து நாட்டுக்குப் போனாலும் இந்த வேலைகள் ஒன்றுதான். அப்படியானால் தூரத்துக்கு ஏன் காசு? 1840இல் பிரிட்டனில் எங்கு அனுப்பினாலும் ஒரு பென்னி என்றானது.

இந்தியாவில் 1854இல் டல்ஹௌசி காலத்தில் அதே முறை வந்தது. கால் தோலா, அதாவது ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. சென்னையிலிருந்து மதுரைக்கும் அரையணா, பெஷாவருக்கும் அரையணா. ஏழைகள் மீதுள்ள பாசத்தில் வந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆட்சிக்கும் வணிகத்துக்கும் அது தேவைப்பட்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டணத்தில் தூரம் மறைந்தாலும் தரையில் மறையவில்லை. ரயில் போகாத பாதைகளில் சலங்கை கட்டிய ஈட்டியும் தோளில் தபால் பையுமாக ஓடிய ஓட்டக்காரர்களின் காலில் அது இருந்தது. தூரத்தின் விலையை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

கடிதத்துக்குப் பின்னால் சரக்கு வந்தது. 1877இல் வி.பி.பி. அறிமுகமானது. பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார், காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசு விற்றவருக்குப் போய்ச் சேரும். இன்று நாம் 'கேஷ் ஆன் டெலிவரி' என்பதன் பாட்டி இது. வைத்தியருடைய லேகியமும் துப்பறியும் நாவலும் ஊர் ஊராகப் போனது இந்த வழியில்தான். பழைய தமிழ்ப் புத்தக விளம்பரங்களின் அடியில் 'தபால் செலவு தனி' என்ற மூன்று சொற்களைப் பார்த்திருப்பீர்கள்.

வி.பி.பி.யின் தலைவலியும் நமக்குப் பழக்கமானதுதான். கேட்காதவருக்கெல்லாம் அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டு வாங்க மறுப்பவர்களும் உண்டு. உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புநரிடம் உறுதிமொழி கேட்க 1898ஆம் ஆண்டின் தபால் சட்டம் இடம் கொடுத்தது. மறுக்கப்பட்டுத் திரும்பி வரும் பார்சலுக்கு நான் போகவும் வரவும் காசு கட்டும்போதெல்லாம் அந்தச் சட்டம் எழுதியவர்களை நினைத்துக்கொள்வேன்.

கட்டணத்தை நேர்கோட்டில் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. அங்கே 1913இல் பார்சல் தபால் தொடங்கியபோது வரைபடத்தில் மண்டலம் பிரித்துக் கட்டணம் வைத்தார்கள். 1916இல் யூட்டா மாநிலத்தின் வெர்னல் என்ற ஊரில் வங்கி கட்ட சால்ட் லேக் சிட்டியிலிருந்து செங்கல் தேவைப்பட்டது. சரக்கு வண்டிக் கூலியைவிடத் தபால் மலிவு. 50 பவுண்டு பெட்டிகளில் கட்டி ஆயிரக்கணக்கான செங்கல்லைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள்! வரைபடத்தில் பக்கமாகத் தெரிந்த ஊருக்கு, ரயிலும் வண்டியும் சுற்றிப் போன பாதை மூன்று மடங்குக்கும் மேல். பதறிப்போன தபால் துறை, ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 பவுண்டுதான் அனுப்பலாம் என்று விதி போட்டது.

நம் ஊரில் அப்படிச் செங்கல் யாரும் அனுப்பவில்லை. புத்தகம் அனுப்பினோம். சிறுபத்திரிகைகளையும் சின்னப் பதிப்பகங்களையும் நடமாட வைத்ததில் புக் போஸ்டுக்குப் பெரிய பங்குண்டு. உள்ளே கடிதம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வசதியாக முனையை ஒட்டாமல் விட்ட அந்தக் கட்டு, குறைந்த காசில் எந்தக் கிராமத்துக்கும் போகும். அதுவும் போதாதபோது ஆளே போக வேண்டியிருந்தது. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தூரத்தின் விலையைத் தன் தோளில் கொடுத்த இன்னொரு ஓட்டக்காரர் அவர்.

1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல எழுத்து முறைகள் உள்ள நாட்டில் எந்த ஊரும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஆறு இலக்கங்கள். எங்களுடையது 600041. இன்று அதே ஆறு இலக்கத்தைத் தட்டினால் 'இந்தப் பகுதிக்குச் சேவை இல்லை' என்று சில தளங்கள் சொல்கின்றன. ஊர்களைக் கண்டுபிடிக்கப் போட்ட எண், ஊர்களை ஒதுக்கவும் உதவுகிறது.

2024 டிசம்பரில் புத்தகங்களுக்கான பழைய சலுகைக் கட்டணம் நிறுத்தப்பட்டது. அதுவரை 5 கிலோ புத்தகத்தை நாட்டின் எந்த மூலைக்கும் சுமார் 80 ரூபாயில் பதிவுத் தபாலில் அனுப்ப முடிந்தது. பதிப்பாளர்களும் வாசகர்களும் குரல் எழுப்பினார்கள். 2025 மே 1இல் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எல்லா வகை நூலுக்கும் இது பொருந்தாது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்ததாக இருக்க வேண்டும். தரைவழியாக மெதுவாகத்தான் போகும். ஆனாலும் தூரம் பார்க்காத அந்தப் பழைய கொள்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கமுதித் தம்பிக்குப் பதில் சொன்ன வாரத்தில், என் கடைசி 100 பார்சல்களை எடுத்துக் கணக்குப் போட்டேன். சென்னைக்குள் 45, தலைக்கு 40 ரூபாய். மற்ற மாவட்ட நகரங்களுக்கு 35, தலைக்கு 60. தொலைதூரக் கிராமங்களுக்கும் வெளிமாநிலத்துக்கும் 20, தலைக்கு 90. மொத்தம் 5,700 ரூபாய். சராசரி 57. எல்லோருக்கும் ஒரே கட்டணம் 60 என்று வைத்தேன். மூன்று ரூபாய் அட்டைக்கும் டேப்புக்கும்.

முதல் புகார் அடையாறிலிருந்து வந்தது. "மேடம், நான் ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கேன். எனக்கு எதுக்கு அறுபது?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசே வேண்டாம் என்றேன். பெரிய தளங்களைப் போல 'இலவச டெலிவரி' என்று போட்டுவிடலாமே என்றார் ஒரு நண்பர். இலவசம் என்று ஒன்று இல்லை. புத்தக விலையிலோ, பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வெயிலில் வண்டி ஓட்டும் பையனின் சம்பளத்திலோ அது ஒளிந்திருக்கும். என் சின்னக் கடையில் ஒளித்துவைக்க இடம் இல்லை.

தம்பிக்கு மறுபடி எழுதினேன். புக்கு அறுபது, அனுப்ப அறுபது. இதே அறுபதுக்குள் இன்னும் இரண்டு புத்தகம் அடங்கும், மூன்றும் அட்டையும் சேர்ந்து 480 கிராம்தான், நண்பர்கள் யாராவது இருந்தால் சேர்ந்து வாங்குங்கள் என்றேன்.

நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் மூன்று பெயர்கள் வந்தன, ஒரே முகவரியில்.