வண்டி உழைக்குமா? திருவள்ளூரில் ஒரு கார் தொழிற்சாலையின் கதை

கார் வாங்கும் முன் நம் ஊரில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. "மைலேஜ் எவ்வளவு?" "வண்டி உழைக்குமா?" முதல் கேள்விக்கு ஷோரூமில் பதில் உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது. அரை மணி நேர டெஸ்ட் டிரைவில், பள்ளத்தில் தூக்கிப் போடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பது தெரியாது. அதனால் வாங்குபவர்கள் வேறு எதையாவது வைத்து ஊகிக்கிறார்கள். அப்படி எதை எதை வைத்து ஊகித்தார்கள் என்பதற்கு திருவள்ளூர் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

வாசீஸ்வரர் கோயிலுக்காக திருப்பாச்சூர் வருகிறவர்களில் பலருக்கு, சில கிலோமீட்டர் தள்ளி கடம்பத்தூர் அருகே அதிகத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருப்பது தெரியாது. அம்பாசிடர் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து 1998ல் இங்கிருந்துதான் லான்சர் காரைக் கொண்டு வந்தது. அந்த வருடம் சென்னையைச் சுற்றி ஒரே கார் திருவிழா. ஹூண்டாய் சான்ட்ரோவும் 1998ல்தான் வந்தது.

அதுவரை கார் வாங்குபவர்களுக்கு உழைப்பு என்றால் அம்பாசிடர். அந்த வண்டி கெட்டுப்போகாது என்று யாரும் சொன்னதில்லை (சொல்லவும் முடியாது!). எந்த ஊரில் நின்றாலும் ஒரு மெக்கானிக் சரி செய்துவிடுவார் என்பதுதான் நம்பிக்கை. லான்சர் வாங்கியவர்கள் பார்த்தது வேறு. ஃபின்லாந்தின் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். நான்கு முறையும் ஓட்டியது லான்சர் எவல்யூஷன். சேற்றிலும் பனியிலும் அப்படி ஓடிய வண்டி நம் சாலையில் ஓடாதா என்ன?

இங்கேதான் கவனிக்க வேண்டும். மாக்கினென் ஓட்டியது 2 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. திருவள்ளூரில் இருந்து வந்தது 1.5 லிட்டர் பெட்ரோல், 87 குதிரைத்திறன், முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. தோற்றமும் பெயரும் ஒன்று, வண்டி வேறு. அதற்காக லான்சர் மோசமான கார் என்று அர்த்தமில்லை, ஓட்டுவதற்கு நல்ல கார் என்றே பெயர் வாங்கியது. ஆனால் ராலி கோப்பையை வைத்து அதன் ஆயுளைக் கணித்தது தப்புக் கணக்கு.

சரி, ஜப்பான் கம்பெனி என்ற நம்பிக்கையாவது? 2000ல் ஜப்பானில் ஒரு குட்டு உடைந்தது. வாடிக்கையாளர்களின் புகார்களை மிட்சுபிஷி மோட்டார்ஸ் 1977 முதல் அரசாங்கத்துக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது. கம்பெனியின் தலைவர் பதவி விலக வேண்டி வந்தது. ஒரு பிராண்ட் உழைக்குமா என்பதற்கு இருப்பதிலேயே நல்ல சாட்சி புகார்ப் புத்தகம்தான், அதையே பூட்டி வைத்துவிட்டால் வாங்குபவர் எதைப் பார்ப்பார்?

2006ல் செடியா வந்தது. 2010களின் தொடக்கத்தில் லான்சர், செடியா இரண்டும் நின்றன. சில வருடம் இசுசு வண்டிகள் இங்கே கூலிக்குப் பூட்டப்பட்டன, பிறகு அவர்களும் 2016ல் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். எஞ்சின் நன்றாக இருந்த லான்சருக்கும் கண்ணாடி, பம்பர், சென்சார் தேட வேண்டிய நிலை. வண்டி உழைத்தது, விற்ற பிராண்ட் உழைக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் கதை திருவொற்றியூரில். 1955ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா அங்கே புல்லட் செய்தது. 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிந்துபோனது. ஆனால் திருவொற்றியூரில் அதே வண்டி, அதே பார்ட்ஸ். 1977ல் இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது! எண்ணெய் ஒழுகும், உதறும், உதைத்துக் கால் வலிக்கும். ஆனாலும் புல்லட் உழைக்கும் என்றார்கள், அப்பா வண்டிக்கு மகன் பார்ட்ஸ் வாங்க முடிந்ததால். ஓட்டும் சுகமும் உழைப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதிகத்தூருக்குத் திரும்புவோம். 2017ல் பிரான்சின் பியூஜோ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்தது, 2021ல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் இங்கிருந்து வந்தது. சிட்ரோயன் என்றாலே சொகுசு என்று பெயர். 1930களில் அதன் தலைவர் புலான்ஷே, உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றும் உடையக்கூடாது என்று சொல்லி ஒரு கார் கேட்டார். 1948ல் பாரிஸில் காட்டிய 2சிவி அதுதான். 1990 வரை உற்பத்தியில் இருந்தது. அந்த வழியில் வந்த சி5 ஏர்கிராஸின் ஷாக் அப்சார்பர்களில் குலுக்கலை விழுங்க ஹைட்ராலிக் குஷன் வைத்தார்கள். 2022ல் வந்த, விலை குறைந்த சி3க்கு அந்த ஏற்பாடு கிடையாது. மறுபடியும் லான்சர் கதைதான், பெயர் ஒன்று, வண்டி வேறு.

2024 மார்ச்சில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மின்சார இசி3க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம். அதே வருடம் பாரத் என்கேப் சோதனையில் இதே தொழிற்சாலையின் பசால்ட்டுக்கு நான்கு நட்சத்திரம். ஒரே கூரை, ஒரே பிராண்ட்! நட்சத்திரமும் மோதலைப் பற்றித்தான் சொல்லும், ஆயுளைப் பற்றிச் சொல்லாது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு கொசுறு: அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றது. மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை மட்டும் பியூஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். கணக்குப்பதிவியலில் புலனாகாச் சொத்து என்று படிக்கிறோமே, அது இதுதான். அந்த 80 கோடியில் ஒரு போல்ட் நட்டுகூடக் கிடையாது.