வீட்டு வழங்கி

வீட்டுக் கணினியில் இயங்கி, பிற கருவிகளின் உலாவிகளுக்குப் பக்கங்களை அனுப்பும் மென்பொருள், பேச்சுவழக்கில் சர்வர். தனி எந்திரம் வேண்டியதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் ஓட்டிய முதல் வலை வழங்கியே அவரது மேசைக் கணினிதான். யாரும் அணைத்துவிடாதபடி அதில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தார். அப்பாச்சி (1995) போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, உலாவியில் 127.0.0.1 என்று தட்டினால் அதே கணினி பதில் தரும். வைஃபையில் இணைந்த கைபேசிகளுக்கு அதன் உள்முகவரி போதும், இணையமே தேவையில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில், சிக்னல் சரியாக எட்டாத ஊர்களுக்கு இது பெரிய வசதி: தமிழ் விக்கிப்பீடியாவைக் கீழே கள்ளக்குறிச்சியில் பதிவிறக்கி எடுத்துப்போய், கிவிக்ஸ் மென்பொருள்வழி வெள்ளிமலையில் ஒரு வகுப்பு முழுவதற்கும் வழங்கலாம். வெளியுலகுக்குத் திறப்பதுதான் தொல்லை. இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை வீடு வந்து சேர்வதில்லை. மின்வெட்டு வேறு.