பழிகரப்பும் பொய்ச்செய்தியும்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகையாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று; பழிப்பை மறைத்து மொழிவது மற்றொன்று. மறைபொருளை உணர்வோர் இல்லையேல் பழிகரப்பு மெய்ச்செய்தியாகவே உலவத் தொடங்கிவிடும்.

1702ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டானியல் டீபோ தம் பெயரிடாது ஒரு சிறு நூலை வெளியிட்டார். அரச திருச்சபையை ஏற்காதோரை வேரறுக்கவேண்டும் என்றது அந்நூல். மதவெறியரின் குரலைப் போலிசெய்து எள்ளுவதே அவர் நோக்கம். மதவெறியருட் சிலரோ அதனை உண்மையென நம்பி மகிழ்ந்தனர். எழுதியவர் இன்னாரெனத் தெரிந்தபின், 1703இல் அவர் பொதுவிடத்தில் தண்டமரத்தில் நிறுத்தப்பட்டார்.

2012இல் அமெரிக்க நையாண்டி ஏடான 'தி ஆனியன்', வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னை அவ்வாண்டின் பேரழகராகத் தெரிவுசெய்தது. சீனப் பொதுவுடைமைக் கட்சியின் 'மக்கள் நாளேடு' தன் இணையத்தளத்தில் அதனை மெய்ச்செய்தியாக 55 படங்களுடன் வெளியிட்டது. முற்போக்காளர் என்பதால் நாமும் இதற்கு விலக்கல்லோம். இரு நிகழ்ச்சியிலும் மக்கள் தம் விருப்பத்துக்கு இசைந்ததை ஆராயாமல் நம்பினர்.

இவ்வியல்பே நம் நாட்டிற் குருதி சிந்தவும் வைத்தது. 1958 மே மாதத்தில், வவுனியாவில் நடைபெறவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடிப் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் கும்பலொன்று தாக்குதல் நடத்தியது. கலவரம் பரவியது. பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பிற் சிதைத்துக் கொல்லப்பட்டார் என்ற வதந்தி எழுந்தது. பாணந்துறையில் இந்துக் கோயிற் பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டார். அப்படியோர் ஆசிரியை மட்டக்களப்பில் இருந்ததேயில்லை என்பது பின்னரே விசாரணையில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர்ப்பட்டியலை ஒருமுறை புரட்டியிருந்தால் போதும். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இது அங்கதமன்று, பொய். ஆயினும் இரண்டையும் வாழவைப்பது ஒரே ஆராயாமைதான். வதந்திகள் மீண்டும் தீ வளர்த்த 1977இன் பின், மலையகத்திலிருந்து ஏதிலிகளாக வந்த தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வன்னிப் பள்ளிகளிற் பயில்கின்றனர்.

அவர்கள் கையிலுள்ள தொலைபேசியில், ஏட்டின் பெயர் வெட்டப்பட்ட நையாண்டியும் வேண்டுமென்றே புனைந்த பொய்யும் ஒரே தோற்றத்தில் வருகின்றன. பழிகரப்பின் இலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்விப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சொன்னவர் யார், எங்கே, எப்போது, இதை நம்ப நாம் ஏன் விரும்புகிறோம் என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்போம். அக்கேள்விகளை முதலில் நம்மிடமே கேட்போம்.