விழுந்த இடத்திலிருந்து உச்சிக்கு: சுமோ மல்லர் தெருனோஃபுஜி

ஜப்பானின் சுமோ மல்யுத்தத்தில் 'யோகோசுனா' என்பதே உச்சப் பட்டம். பல நூற்றாண்டு வரலாறு கொண்ட இந்த விளையாட்டில் அப்பட்டத்தைப் பெற்ற 73ஆவது மல்லர் தெருனோஃபுஜி. அவரைவிட அதிக வெற்றி குவித்தவர்கள் உண்டு. ஆனால், அவர் விழுந்த அளவுக்குக் கீழே விழுந்து, பின்னர் உச்சிக்கு ஏறியவர் வேறு எவரும் இல்லை.

மங்கோலியாவிலிருந்து ஜப்பானுக்கு

தெருனோஃபுஜியின் இயற்பெயர் கன்துல்கின் கன்எர்தென். 1991 நவம்பர் 29ஆம் தேதி மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் பிறந்தார். பதின்ம வயதில் ஜப்பான் சென்று, தொத்தோரி மாநிலத்தில் சுமோவுக்குப் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 2011 மே மாதம் தொழில்முறைப் போட்டிகளில் காலடி வைத்தபோது அவரது களப் பெயர் வகமிஷோ.

சுமோ மல்லர்கள் அனைவரும் 'ஹெயா' எனப்படும் பயிற்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். நம் பழைய குருகுலம் போன்றது அது. இளையவர்கள் அங்கேயே தங்கி, சமைத்து, துப்புரவு செய்து, மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்தபடி பயிற்சி பெறுவார்கள். தெருனோஃபுஜி முதலில் இருந்த கூடம் 2013இல் மூடப்பட்டதால் இசெகஹாமா கூடத்துக்கு மாறினார். அங்குதான் தெருனோஃபுஜி என்ற பெயரும், முன்னாள் யோகோசுனா அசாஹிஃபுஜி என்ற குருவும் கிடைத்தனர்.

தரவரிசையே வாழ்க்கை

சுமோவில் எடைப் பிரிவுகள் கிடையாது. 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே கால் வைத்தாலோ, பாதத்தைத் தவிர உடலின் வேறு பகுதி தரையில் பட்டாலோ தோல்விதான். ஆண்டுக்கு ஆறு பெரும் போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் தரவரிசை புதிதாக எழுதப்படும்.

மொத்தம் ஆறு பிரிவுகள். மேல் இரண்டு பிரிவுகளில் உள்ள 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம் உண்டு. இரண்டாம் பிரிவான ஜூரியோவில் 2019 முதல் மாதம் 11 லட்சம் யென். யோகோசுனாவுக்கு 30 லட்சம் யென். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சம்பளமும் இல்லை, உதவியாளரும் இல்லை. போட்டிக்கு ஒருமுறை சிறிய படித்தொகை மட்டும்தான். அவர்கள் பட்டு இடைக்கச்சையும் கட்ட முடியாது. கறுப்புப் பருத்தித் துணிதான்.

ஏற்றமும் வீழ்ச்சியும்

2014 மார்ச்சில் முதல் பிரிவை எட்டிய தெருனோஃபுஜி, 2015 மே மாதம் முதன்முறையாக வெற்றிக் கிண்ணத்தை வென்றார். உடனே யோகோசுனாவுக்கு அடுத்த நிலையான 'ஓசெகி' பட்டமும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23. அடுத்த யோகோசுனா இவர்தான் என்று பலரும் எதிர்பார்த்தனர்.

அதே ஆண்டு செப்டம்பர் போட்டியில் முழங்கால் காயமடைந்தது. முழுமையாகக் குணமாகும் முன்பே மீண்டும் மீண்டும் களமிறங்கினார். காயம் முற்றியது. அதோடு நீரிழிவு நோயும் சேர்ந்து உடலை வாட்டியது. தொடர்ந்து இரண்டு போட்டிகளில் தோல்விகள் மிகுந்தால் ஓசெகி பட்டம் பறிபோகும் என்பது விதி. 2017 செப்டம்பருடன் அவர் அப்பட்டத்தை இழந்தார்.

2018இல் முதல் பிரிவிலிருந்தும் இறங்கினார். முழங்கால் அறுவைச் சிகிச்சைகள் காரணமாகத் தொடர்ந்து நான்கு போட்டிகளில் களமிறங்கவே இல்லை. 2019 மார்ச்சில் கடைசிக்கு முந்திய பிரிவான ஜோனிதானில், 48ஆம் நிலையில் அவர் பெயர் இருந்தது. ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே வந்து விளையாடியது அதற்குமுன் நடந்ததில்லை.

ஓசெகி பட்டம் பெற்றவர் இப்படிச் சரிந்தால் கௌரவமாக ஓய்வு பெறுவதே வழக்கம். தெருனோஃபுஜியும் விலக விரும்பி, குருவிடம் பலமுறை கேட்டார். குரு இசையவில்லை. முதலில் உடலைத் தேற்று, பிறகு பார்க்கலாம் என்று தடுத்து நிறுத்தினார்.

மீண்டும் முதல் படியிலிருந்து

ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மோதியவர், காலை வேளையில் ஏறக்குறைய காலியாக இருக்கும் அரங்கில், தம்மைவிட இளையவர்களுடன் மோதத் தொடங்கினார். அந்த முதல் போட்டியில் ஏழு ஆட்டங்களிலும் வென்றார். 2019 நவம்பரில் மூன்றாம் பிரிவில் பட்டம், 2020 ஜனவரியில் ஜூரியோவில் பட்டம் என ஒவ்வொரு படியாக ஏறினார்.

2020 ஜூலையில் முதல் பிரிவுக்குத் திரும்பினார். அப்பிரிவின் அடிமட்டத்தில் இருந்த அவர், அந்தப் போட்டியிலேயே 13 வெற்றி, 2 தோல்வியுடன் கிண்ணத்தை வென்றார். முதல் கிண்ணத்துக்கும் இதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

2021 மார்ச்சில் மீண்டும் வென்று ஓசெகி பட்டத்தைத் திரும்பப் பெற்றார். மே மாதமும் கிண்ணம் அவருக்கே. ஜூலையில் முதல் 14 நாளும் வென்று, கடைசி நாளில் ஹகுஹோவிடம் மட்டும் தோற்றார். ஜூலை 21ஆம் தேதி யோகோசுனாவாக அறிவிக்கப்பட்டார். எதற்கும் அசையாத மனத்தைக் காப்பேன் என்பது அன்று அவர் அளித்த உறுதிமொழி. அதே ஆண்டில் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார்.

பத்துக் கிண்ணங்கள்

2021 நவம்பரில் 15 நாளும் தோல்வியே காணாமல் வென்றார். ஆனால், பழைய முழங்கால் வலி விடவில்லை. 2022 அக்டோபரில் இரண்டு முழங்கால்களிலும் மீண்டும் அறுவைச் சிகிச்சை. பல போட்டிகளில் பாதியில் விலகினார், சிலவற்றில் கலந்துகொள்ளவே இல்லை. ஆனாலும் பத்துக் கிண்ணம் என்ற இலக்கை அவர் விடவில்லை. 2024 ஜூலையில் நகோயாவில் அதை எட்டினார்.

அந்தப் பத்தில் ஒன்பது, ஜோனிதானுக்கு விழுந்து எழுந்த பிறகு வென்றவை.

யோகோசுனாவுக்குத் தரமிறக்கம் கிடையாது. ஆட முடியாத நிலை வந்தால் ஓய்வு ஒன்றே வழி. 2025 ஜனவரி 17ஆம் தேதி, 33 வயதில், தெருனோஃபுஜி ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், ஓய்வு வயதை நெருங்கிய குருவிடமிருந்து இசெகஹாமா கூடத்தின் பொறுப்பை ஏற்றார். விலகிவிடுகிறேன் என்று தாம் கேட்டபோது தம்மைத் தடுத்தவரின் இடத்தில், இப்போது இளம் மல்லர்களுக்குக் குருவாக இருக்கிறார்.