ஆக்ராவின் வெயிலும் மொகலாயர் வரலாறும்

ஆக்ரா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தாஜ்மஹால். ஆனால் மே, ஜூன் மாதங்களில் அங்கே போய் வந்த தம்பதியரைக் கேட்டுப் பாருங்கள், முதலில் வெயிலைப் பற்றித்தான் சொல்வார்கள்! 45 டிகிரியைத் தொடும் நாட்கள் அங்கே சாதாரணம். பிள்ளைகளின் விடுமுறையும் அலுவலக லீவும் கோடையில்தான் ஒன்றாகக் கிடைக்கின்றன. அதனால் டெல்லியிலிருந்து காலை ரயிலில் வந்து, தாஜ்மஹாலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு இரவே திரும்பும் கணவன் மனைவியர் ஏராளம். "இந்த வெயில்லயா கூட்டிட்டு வரணும்?" என்று மனைவி கேட்க, "லீவு இப்பத்தானே கிடைச்சுது" என்று கணவன் சமாளிப்பார்.

இந்தப் புலம்பலுக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு!

1526 ஏப்ரலில் பானிபட்டில் வென்ற பாபர், மே மாதம் ஆக்ராவுக்கு வந்து சேர்ந்தார். காபூலின் குளிரில் பழகிய படை அது. அந்த ஆண்டு வெயிலும் மிகக் கடுமை. அனல் காற்றில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்ததாக பாபரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தளபதிகள் பலரும் ஊர் திரும்ப வேண்டும் என்றார்கள். இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுப் பிடித்த நாட்டை விட்டுவிட்டு மறுபடியும் காபூலின் வறுமைக்குப் போவதா என்று கேட்டு, பாபர் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். ஆனாலும் அவருக்கு மிக நெருக்கமான குவாஜா கலான் கேட்கவில்லை. கிளம்பிப் போகும்போது, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்ற பொருளில் ஒரு கவிதையை டெல்லி வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போனார்! போர்க்களத்தில் இப்ராஹிம் லோடியால் செய்ய முடியாததை ஆக்ராவின் கோடை செய்து முடித்திருக்கும். நல்ல வேளை, பாபர் பிடிவாதக்காரர்.

வெயில், புழுதி, காற்று. இந்த மூன்றும்தான் பாபரைப் பாடாய்ப் படுத்தின. இவற்றுக்கு அவர் கண்ட மருந்து தண்ணீர். யமுனையின் மறுகரையில் கிணறு வெட்டி, குளம் அமைத்து, குளியல் மண்டபம் கட்டி, நான்கு பகுதிகளாகப் பிரித்த தோட்டமும் போட்டார். பின்னாளில் மொகலாயர்கள் கட்டிய தோட்டங்களுக்கெல்லாம் இதுவே ஆரம்பம்.

பேரன் அக்பர் இன்னும் ஒரு படி மேலே போனார். வெட்டிவேர்த் தட்டிகளால் அறை அமைத்து, அவற்றில் தண்ணீர் தெளித்துக் கோடையைக் குளிர்காலமாக்கிய விதத்தை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் விவரிக்கிறார். குடிக்கும் தண்ணீரைக் குளிர வைக்க வெடியுப்பைப் பயன்படுத்தியதையும் சொல்கிறார். வெடியுப்பைக் கரைத்த நீரில் தண்ணீர்க் குப்பியை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பது ஜில்லென்று ஆகிவிடும். பீரங்கிக்கு நெருப்பைத் தந்த அதே பொருள், அரசருக்குக் குளிர்ச்சியைத் தந்தது! பதினேழாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கில வணிகர்கள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கிப் போனதும் இந்த வெடியுப்பைத்தான். அவர்கள் வாங்கியது வெடிமருந்துக்காக.

இப்போது தாஜ்மஹாலுக்கு வருவோம். கோடையில் வருபவர்கள் சூரியன் உதிக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விடுவது நல்லது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஜஹானும் மும்தாஜும் மணந்தது 1612-ல். பத்தொன்பது ஆண்டு இல்லறம். பதினான்காவது பிரசவத்தில், 1631 ஜூன் மாதம் மும்தாஜ் இறந்து போனார். இறந்தது ஆக்ராவில் அல்ல, தக்காணப் போருக்காக முகாமிட்டிருந்த புர்ஹான்பூரில். கணவர் போன இடமெல்லாம் கூடவே போனவர் அவர். ஆறு மாதம் கழித்துத்தான் உடல் ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1632-ல் தொடங்கிய வேலை, முழு வளாகமும் முடிய 1653 வரை நீண்டது.

இங்கே தம்பதியர் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நீர்வாய்க்கால் வெறும் அழகுக்காக அமைக்கப்பட்டதல்ல. தோட்டமும் வாய்க்காலும் இஸ்லாமிய மரபில் சொர்க்கத்தின் அடையாளம். அந்தச் சொர்க்கத்துக்குத் தண்ணீர் ஏற்றியவை மாடுகள்! யமுனை நீரைக் கமலை கட்டி இறைத்து, உயரமான தொட்டிகளில் சேர்த்து, அங்கிருந்து குழாய் வழியாக நீரூற்றுகளுக்கு அனுப்பினார்கள்.

அடுத்தது கோட்டை. பெரும்பாலோர் உச்சிவெயிலில்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். தலையில் துப்பட்டா, கையில் தண்ணீர் பாட்டில். பாதித் தண்ணீர் நுழைவாயிலைத் தாண்டுவதற்குள்ளேயே காலி! இந்தக் கோட்டையின் மிகப் பெரிய சோகமும் ஒரு கோடையில், தண்ணீரால்தான் நடந்தது.

1658 மே மாத இறுதியில், ஆக்ராவுக்கு அருகே சாமுகர் என்ற இடத்தில் ஷாஜஹானின் மூத்த மகன் தாராவும் அவுரங்கசீப்பும் மோதினார்கள். தாரா தோற்று ஓடினார். அவுரங்கசீப் கோட்டையை முற்றுகையிட்டார். அக்பர் கட்டிய மதிலைப் பீரங்கியால் உடைக்க முடியவில்லை. உடனே அவர் யமுனைப் பக்க வாசலைக் கைப்பற்றி, ஆற்றுத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தார். கோட்டைக்குள் இருந்த கிணறுகளிலோ உப்புத் தண்ணீர். ஜூன் வெயிலில் எத்தனை நாள் தாங்க முடியும்? இறந்த தந்தைக்கும் நீர் வார்க்கிற இந்துக்கள் எவ்வளவோ மேல் என்று ஷாஜஹான் மகனுக்கு வருந்தி எழுதியதாகச் சொல்லப்படுகிறது. சில நாட்களிலேயே கதவுகள் திறந்தன.

நீரூற்றுகளால் ஒரு நகரத்தையே குளிர்வித்த அரசரைத் தோற்கடித்தது பீரங்கி அல்ல, தாகம்! அதன்பின் 1666-ல் இறக்கும் வரை அந்தக் கோட்டையே அவருக்குச் சிறை. மகள் ஜஹானாரா கூடவே இருந்தார். யமுனையின் வளைவுக்கு அப்பால் தெரியும் தாஜ்மஹால்தான் அவருக்கு மிஞ்சிய காட்சி.

காதல் சின்னம் என்ற ஒரே சொல்லில் ஆக்ராவை முடித்துவிடுகிறோம். உண்மையில் அந்த நகரத்தின் ஒவ்வொரு தோட்டமும், வாய்க்காலும், நிலவறையும் வெயிலோடு நடந்த ஒரு நீண்ட போராட்டத்தின் மிச்சம். இன்று கோடையில் யமுனை மெலிந்து, கழிவு கலந்து ஓடுகிறது. பாபரின் காலத்தில் மருந்தாக இருந்த தண்ணீரே இன்று நோயாளி ஆகிவிட்டது. கட்டிடத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது நிற்கும் ஆற்றையும் காப்பாற்ற வேண்டும். கோட்டைக்குள் தண்ணீர் போகாத அந்தச் சில நாட்கள் ஒரு பேரரசரை என்ன செய்தன என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறதே!